சார்பும் தொடர்வரிசையும் வந்தால் கை நின்றுவிடுகிறது: என்ன செய்வது?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. சேர்வதற்காக ஜிமேட் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. சதவீதம், விகிதம், லாப நஷ்டம் எல்லாம் சமாளித்துவிடுகிறேன். ஆனால் சார்பு, தொடர்வரிசைக் கேள்விகள் வந்தால் கை நின்றுவிடுகிறது. பயிற்சி வகுப்பில் கொடுத்த ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்துவிட்டேன். இருந்தும் எந்தக் கேள்விக்கு எதைப் போடுவது என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றில் கவனம் செலுத்தலாமா சார்?
– வாசகி, கோவை

பதில்:

விடாதீர்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் வடிவியலை எடுத்துவிட்டார்கள். கணக்குக்கான குவான்ட் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்விகள். அத்தனையும் எண்கணிதமும் இயற்கணிதமும்தான். இயற்கணிதத்தில் ஒரு மூலையை விட்டுவிட்டால் ஈடுகட்டிக்கொள்ள வேறு இடம் கிடையாது. அதோடு, நீங்கள் சரியாகப் போடப் போட இந்தத் தேர்வு கடினமான கேள்விகளாகத் தரும். அந்த உயரத்துக்குப் போன பிறகு சார்பைப் பார்த்துத் தயங்கினால் அதுவரை பட்ட பாடு வீண்.

இன்னொன்று. நீங்கள் இரண்டு பாடம் என்று நினைப்பது உண்மையில் ஒன்றுதான். தமிழ்நாடு அரசின் இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் பாடம் உறவுகளும் சார்புகளும், இரண்டாவது பாடம் எண்களும் தொடர்வரிசைகளும். பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதோடு, தொடர்வரிசையைச் சார்பாகவே பார்க்கலாம் என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. பரீட்சைக்கு வராத வரி என்று நாம் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. உங்கள் சிக்கலுக்கான மருந்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வித்தாளில் எஃப், எக்ஸ், என் என்றெல்லாம் வரும். நான் இங்கே வேண்டுமென்றே தமிழ் எழுத்துகளில் எழுதுகிறேன்: சார்புக்கு ச, மாறிக்கு க, தொடர்வரிசையின் உறுப்புக்கு உ, எத்தனையாவது என்பதற்கு ந. எழுத்து எதுவானாலும் வேலை ஒன்றுதான் என்று கண்ணுக்குப் பழகட்டும்.

முதலில் சார்பு, அதாவது ஓர் எண்ணை உள்ளே போட்டால் இன்னோர் எண்ணைத் தரும் விதி. ச(க) = க² − 3க என்று கொடுத்து, ச(க+2) − ச(க) எவ்வளவு என்று கேட்கிறார்கள். இங்கே உள்ள க வெறும் காலியிடம். அடைப்புக்குறிக்குள் என்ன வருகிறதோ அதை அப்படியே, அடைப்புக்குறியோடு சேர்த்து, க இருந்த ஒவ்வோர் இடத்திலும் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

(க+2)² − 3(க+2)
= க² + 4க + 4 − 3க − 6
= க² + க − 2

இதிலிருந்து க² − 3க-வைக் கழித்தால் 4க − 2. பெரும்பாலானவர்கள் தவறுவது 3(க+2) என்ற இடத்தில். அடைப்புக்குறி போடாமல் − 3க + 2 என்று எழுதிவிடுவார்கள். அப்போது 4க + 6 வரும். கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் 4க + 6-ம் கட்டாயம் உட்கார்ந்திருக்கும். கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்று நன்றாகத் தெரியும்.

சந்தேகம் வந்தால் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். க = 1 என்றால் ச(3) = 0, ச(1) = −2. வித்தியாசம் 2. 4க − 2-ல் 1-ஐப் போட்டாலும் 2. சரி. பத்து விநாடி வேலை.

இதையே கொஞ்சம் திருப்பிக் கேட்பார்கள். ச(2க − 1) = க² + 4 என்றால் ச(5) எவ்வளவு? அவசரத்தில் க-வுக்கு 5 போட்டு 29 என்று குறிப்பவர்கள் நிறைய. நமக்கு 5 ஆக வேண்டியது க அல்ல, அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2க − 1. அது 5 ஆக வேண்டுமென்றால் க = 3. விடை 13. இந்த ஒரு கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டாலே சார்புக் கேள்விகளில் பாதிப் பயம் போய்விடும். நட்சத்திரம், சதுரம் என்று விநோதக் குறிகளைப் போட்டு "இந்தக் குறிக்கு இதுதான் பொருள்" என்று வரும் கேள்விகளும் இதே ஜாதிதான். தனியாகப் படிக்க எதுவும் இல்லை.

விடைகளில் சார்புகளையே வரிசையாகக் கொடுத்து, எந்தச் சார்புக்கு ச(க) = ச(4 − க) என்று கேட்டால் இயற்கணிதத்தில் இறங்கவே வேண்டாம். க = 1 போடுங்கள்; கேள்வி ச(1)-ம் ச(3)-ம் சமமா என்று சுருங்கிவிடும். க² − 4-ல் −3, 5. இல்லை. க² + 4க-வில் 5, 21. இல்லை. க³ − 4க-வில் −3, 15. அதுவும் இல்லை. க² − 4க-வில் −3, −3. கிடைத்துவிட்டது. இங்கே க = 2 மட்டும் போட்டுவிடாதீர்கள். 4 − 2-ம் 2 என்பதால் எல்லாச் சார்பும் பொருந்துவதுபோலத் தெரியும். ஒரு எண்ணைப் போட்ட பிறகும் இரண்டு விடைகள் மிஞ்சினால் வேறோர் எண்ணைப் போட்டு ஒன்றைக் கழித்துக்கட்டுங்கள்.

இனி தொடர்வரிசை, அதாவது ஒரு விதிப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும் எண்கள். நீங்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. ஃபார்முலாவைத் தேடுகிறீர்கள். ஜிமேட்டில் வரும் தொடர்வரிசைகளில் பல, ஒரே அளவில் கூடிக்கொண்டு போகும் கூட்டுத் தொடர்வரிசையும் இல்லை, ஒரே மடங்கில் பெருகிக்கொண்டு போகும் பெருக்குத் தொடர்வரிசையும் இல்லை. அவற்றுக்கு எந்த அட்டவணையிலும் ஃபார்முலா கிடைக்காது. கேள்வியிலேயே விதியைக் கொடுத்துவிடுவார்கள். நாம் அதன்படி நடந்தால் போதும்.

உதாரணம்: உ(1) = 3. அதற்குப் பிறகு, உ(ந+1) = 1/(1 − உ(ந)). நூறாவது உறுப்பு என்ன?

பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிற உங்களுக்கு இது தினப்படி வேலை. இந்த மாதத்தின் இறுதி இருப்புதான் அடுத்த மாதத்தின் ஆரம்ப இருப்பு. முந்தைய வரியை எடுத்து, விதியைப் போட்டு, அடுத்த வரியை எழுதுகிறோம். லெட்ஜரை யாரும் ஃபார்முலா தேடி எழுதுவதில்லை.

உ(1) = 3
உ(2) = 1/(1 − 3) = −1/2
உ(3) = 1/(1 + 1/2) = 2/3
உ(4) = 1/(1 − 2/3) = 3

நாலாவது வரியில் மறுபடி 3 வந்துவிட்டது. விதி மாறாது என்பதால் இனி வருவதெல்லாம் பழைய கதைதான்: 3, −1/2, 2/3, 3, −1/2, 2/3... மூன்று மூன்றாகச் சுற்றும். 100-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நூறாவது உறுப்பு முதல் உறுப்புதான், 3.

நூறு உறுப்புகளின் கூடுதல் கேட்டாலும் அசர வேண்டாம். ஒரு சுற்றின் கூடுதல் 3 − 1/2 + 2/3 = 19/6. 33 சுற்றுகளுக்கு 104.5. மிச்சமிருக்கும் ஒரே உறுப்பு 3-ஐச் சேர்த்தால் 107.5. இதில் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு: 99-வது உறுப்பைக் கேட்டால் மீதி 0 வரும். மீதி 0 என்றால் சுற்றின் கடைசி உறுப்பு, அதாவது 2/3. பதற்றத்தில் முதல் உறுப்பைக் குறித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இதே கணக்கைச் சார்பாக மாற்றிப் பாருங்கள். ச(க) = 1/(1 − க) என்றால் ச(ச(ச(3))) எவ்வளவு? உள்ளே இருந்து வெளியே வர வேண்டும். ச(3) = −1/2. ச(−1/2) = 2/3. ச(2/3) = 3. மேலே எழுதிய அதே நாலு வரி! சார்புக்குள் சார்பு என்று பயமுறுத்துவதும், முந்தைய உறுப்பிலிருந்து அடுத்த உறுப்பு என்று சுற்றவிடுவதும் ஒரே செயல். அதனால்தான் தொடர்வரிசையின் உறுப்பை உ(ந) என்று அடைப்புக்குறி போட்டே எழுதினேன். ந என்ற காலியிடத்தில் 1, 2, 3 என்று முழு எண்களை மட்டும் போடலாம் என்ற கட்டுப்பாட்டோடு வரும் சார்புதான் தொடர்வரிசை.

இதற்கு நான் என் மாணவர்களிடம் கறாராகச் சொல்வது ஒன்றே: தொடர்வரிசைக் கேள்வி வந்தால் முதல் நாலைந்து உறுப்புகளைக் கையால் எழுதாமல் வேறெதையும் யோசிக்கக் கூடாது. எழுதிய பிறகு மூன்றில் ஒன்று கண்ணில் படும். சுற்றி வருகிறது, அல்லது ஒரே அளவில் கூடுகிறது அல்லது பெருகுகிறது, அல்லது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது.

இந்த மூன்றாவது வகைக்கு ஒன்று. 1/(1×2) + 1/(2×3) + 1/(3×4) என்று 1/(99×100) வரை கூட்ட வேண்டும். கூட்டிக்கொண்டே போங்கள்: முதல் உறுப்பு 1/2. இரண்டைக் கூட்டினால் 1/2 + 1/6 = 2/3. மூன்றைக் கூட்டினால் 3/4. இதற்கு மேல் கூட்டத் தேவையில்லை, 99 உறுப்புகளுக்கு 99/100. ஏன் இப்படி வருகிறது என்றால் 1/(2×3) என்பது 1/2 − 1/3. ஒவ்வோர் உறுப்பையும் இப்படிப் பிரித்தால் நடுவில் இருப்பதெல்லாம் கழிந்துபோய் 1 − 1/100 மட்டும் நிற்கும். காரணம் தெரிந்தால் நல்லது. தேர்வு அறையில் அது நினைவுக்கு வராவிட்டாலும் 1/2, 2/3, 3/4 என்பதைப் பார்த்தே விடையைத் தட்டிவிடலாம்.

7-ன் 82-வது அடுக்கின் கடைசி இலக்கம் என்ன என்று எண்கணிதத்தில் கேட்பதும் தொடர்வரிசைதான். 7, 9, 3, 1 என்று நாலு நாலாகச் சுற்றும். 82-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. விடை 9.

கூட்டுத் தொடர்வரிசைக்கு ஃபார்முலா உண்டுதான். ஆனாலும் அதை ஃபார்முலாவாக நினைவில் வைக்காதீர்கள். உறுப்புகள் சம இடைவெளியில் இருந்தால் சராசரி நடுவில் இருக்கும். கூடுதல் என்பது சராசரி × எண்ணிக்கை. இது புதுக் குறுக்குவழி இல்லை. கி.பி. 499-ல் கணித அறிஞர் ஆரியபட்டர் விதி சொல்லும்போதும் நடு மதிப்பைக் கண்டுபிடித்து எண்ணிக்கையால் பெருக்கு என்றுதான் சொல்கிறார்.

100-க்கும் 300-க்கும் இடையே 7-ன் மடங்குகளின் கூடுதல் என்ன? முதல் மடங்கு 105, கடைசி 294. எண்ணிக்கை (294 − 105)/7 = 27 என்று நிறுத்திவிடக் கூடாது. 27 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை, எண்கள் 28. சராசரி (105 + 294)/2 = 199.5. கூடுதல் 28 × 199.5 = 5586. குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் தரமாட்டார்கள். 28 × 200 − 14 என்று போட்டால் மனசிலேயே முடியும்.

இந்தச் சராசரிப் பார்வை ஃபார்முலாவை எப்படி ஜெயிக்கிறது என்பதை டேட்டா சஃபிசியன்சி கேள்வியில் பாருங்கள். புதிய தேர்வில் இந்த வகை டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போய்விட்டது. விடை எவ்வளவு என்பது அங்கே கேள்வி அல்ல. கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்பதுதான். ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் பத்தாவது உறுப்பு என்ன? தகவல் 1: நாலாவது உறுப்பையும் பதினாறாவது உறுப்பையும் கூட்டினால் 40. தகவல் 2: முதல் உறுப்பு 2.

ஃபார்முலா மட்டும் தெரிந்தவர் முதல் தகவலைப் பார்த்து, முதல் உறுப்பும் தெரியாது, பொது வித்தியாசமும் தெரியாது, இரண்டு தெரியாதவற்றுக்குச் சமன்பாடு ஒன்றே ஒன்று, எனவே இரண்டு தகவலும் சேர்ந்தால்தான் முடியும் என்று குறித்துவிடுவார். தவறு. 4-க்கும் 16-க்கும் நட்டநடுவில் இருப்பது 10. ஆகவே பத்தாவது உறுப்பு அந்த இரண்டின் சராசரி, 20. முதல் தகவல் மட்டுமே போதும். இரண்டாவது தகவலை வைத்துத் தனியாக ஒன்றும் செய்ய முடியாது.

மறுபடி உங்கள் லெட்ஜருக்கு வருவோம். முதல் ந உறுப்புகளின் கூடுதல் ந² + 2ந என்று கொடுத்து, பத்தாவது உறுப்பைக் கேட்பார்கள். 10-ஐப் போட்டால் 120. அது பத்தாவது மாதம் முடியும்போது உள்ள இருப்பு, பத்தாவது மாத வரவு இல்லை. ஒன்பதாம் மாத இருப்பு 81 + 18 = 99. வித்தியாசம் 21. அதுதான் பத்தாவது உறுப்பு. 120-ம் விடைகளில் ஒன்றாக இருக்கும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

பெருக்குத் தொடர்வரிசையை நீட்டப்போவதில்லை. 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும்போது கூடுதல் 1, 3, 7, 15 என்று அடுத்த உறுப்பைவிட ஒன்று குறைவாகவே வரும் என்பதை மட்டும் கவனித்து வையுங்கள். மற்றதை விதியை எழுதியே போட்டுவிடலாம்.

எப்படிப் பயிற்சி செய்வது? அந்த ஃபார்முலா அட்டவணையைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்த முதல் இரண்டு பாடங்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மட்டும், விடையை மூடிவைத்துப் போடுங்கள். கணக்கை விட்டு வருஷங்கள் ஆனவர்கள் நேராக ஜிமேட் கேள்விகளில் இறங்கினால் நம்பிக்கைதான் உடையும். மதிப்பகம் (சார்புக்குள் போடக்கூடிய எண்கள்), வீச்சகம் (அதிலிருந்து வெளியே வரும் எண்கள்) என்ற சொற்கள் வரும் இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பின்னத்தின் பகுதி பூச்சியம் ஆகக் கூடாது, வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக் கூடாது. ஜிமேட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே. ஒன்றுக்கொன்றான சார்பு, மேல்சார்பு என்ற வகைப்பாடுகளில் மூழ்க வேண்டாம்.

அதன் பிறகு தேர்வு நடத்துகிறவர்களே வெளியிடும் பழைய கேள்விகளுக்குப் போங்கள். முதல் சுற்றில் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் ஒரே வரி எழுதுங்கள்: அடைப்புக்குறி விட்டது, இடைவெளியை எண்ணியது, மீதி 0-வில் குழம்பியது, கூடுதலை உறுப்பு என்று நினைத்தது. இருபது முப்பது கணக்குகள் ஆனதும் அந்த வரிகளைப் படியுங்கள். எல்லோருக்கும் ஒன்றிரண்டு தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். உங்களுடையது எது என்று தெரிந்தால் அந்த வகைக் கணக்குகளை மட்டும் தேடிப் போடலாம்.

நேரம் பார்த்துப் போடும் கட்டத்தில், ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடம் சொச்சம். நாலைந்து உறுப்புகள் எழுத முப்பது நாற்பது விநாடிதான் ஆகும். எழுதியும் ஒன்றும் புலப்படவில்லை என்றால் ஒரு விடையைக் குறித்து, புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்; ஒரு பகுதியில் 3 விடைகள் வரை மாற்ற அனுமதி உண்டு. கடைசிக் கேள்விகளைத் தொடாமலே விட்டால் மதிப்பெண் அடிபடும். அதனால் ஒரு தொடர்வரிசையோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவது கட்டுப்படியாகாது. அப்புறம், தேர்வு மையத்தில் நோட்டும் பேனாவும் கிடையாது, அழித்து எழுதும் அட்டையும் மார்க்கரும்தான். தடித்த மார்க்கரில் பின்னங்களை எழுதினால் சீக்கிரமே இடம் போதாமல் போகும். வீட்டிலும் அப்படியே எழுதிப் பழகுங்கள்.

இந்தக் கடிதத்தை மூடும் முன் ஒரு கணக்கு. உ(1) = 2, உ(2) = 5. அதன் பிறகு ஒவ்வோர் உறுப்பும், முந்தைய உறுப்பிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழித்தால் வருவது. மூன்றாவது உறுப்பு 5 − 2 = 3, நாலாவது 3 − 5 = −2. முதல் 50 உறுப்புகளின் கூடுதல் என்ன? விடை 7. வராவிட்டால் நீங்கள் எழுதிய உறுப்புகளை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வரியில் பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.